ஆகஸ்ட் 14 யாருடைய பிறந்தநாள்?

"போய்ச் சேர்ந்தவங்களுக்கு எதுக்குப் பிறந்தநாள்? அவங்க போன தேதியை ஞாபகம் வச்சுக்கிட்டா போதாதா?" பெரியம்மா இப்படிக் கேட்டு வெகுநாளாகிறது, ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாத்தா, பாட்டி, அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் என்று ஒவ்வொருவர் பிறந்தநாளையும் அந்தந்தத் தேதியில் நான் நினைவூட்டிக்கொண்டிருந்த சமயம் அது. இன்று இன்னார் பிறந்த நாள், இருந்திருந்தால் இத்தனை வயது, அவ்வளவுதான் செய்தி. சிலர் கைகூப்பும் படம் போடுவார்கள், சிலர் பழைய கதை ஏதாவது எடுத்துவிடுவார்கள், பலர் பேசாமல் கடந்துபோவார்கள். பெரியம்மாதான் போன் போட்டுக் கேட்டுவிட்டார்.

"மறக்காம இருக்கத்தான் பெரியம்மா" என்றேன். "அதுக்குத்தான் செத்த தேதி இருக்கே" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவர் இறந்த நாள் நமக்குத் தெரிந்த நாள். சேதி எப்படி வந்தது, யார் முதலில் அழுதார்கள், அன்று நாம் எங்கே இருந்தோம் என்பது வரை சொல்ல முடியும். பிறந்த நாள் அப்படியில்லை. தாத்தா பிறந்தபோது நாம் மட்டுமல்ல, நம் அப்பா அம்மாகூட இந்த உலகத்தில் இல்லை. நம்மில் ஒருவருமே பார்க்காத ஒரு நாளை நினைவில் வைத்துக்கொள்வது என்றால் என்ன? நினைவு என்றே அதைச் சொல்லலாமா? எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

குடும்ப மரம் எழுத உட்கார்ந்த யாருக்கும் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். இறந்த தேதிக்கான இடம் ஓரளவு நிரம்பியிருக்கும், பிறந்த தேதிக்கான இடம் காலியாகவே கிடக்கும். காரணம் எளிது. ஒருவர் சாகும்போது சுற்றிலும் விவரம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், சொத்து மாற்றுவதற்கும் வங்கிக் கணக்கை முடிப்பதற்கும் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. பிறக்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள் ஓரிருவர்தான், அவர்களும் நாம் கேட்க நினைப்பதற்குள் போய்விடுகிறார்கள். எண்பது வயதில் இறந்தவரின் பிறப்பைப் பார்த்த சாட்சி என்று ஒருவரைத் தேடினால் அவருக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் நம் முன்னோர்கள் எல்லாரும் நமக்குக் கிழவன் கிழவிகளாகவே தெரிகிறார்கள் என்று நினைக்கிறேன். நம்மிடம் இருப்பது அவர்களுடைய முடிவு மட்டும்தான்.

காகிதம் சொல்லும் வயது

தேட ஆரம்பித்தால் தேதிகள் கிடைக்காமல் இல்லை. பள்ளிச் சான்றிதழ், வேலைக்குச் சேர்ந்த பதிவேடு, ஓய்வூதியப் புத்தகம், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் என்று ஏதாவது ஒன்றில் ஏதாவது ஒரு தேதி இருக்கும். ஆனால் அந்தத் தேதியைச் சொன்னது யார், எதற்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும் வயது வரவில்லை என்றால் வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள், வேலையில் கூடுதலாகச் சில வருஷம் இருக்கலாம் என்றால் குறைத்திருப்பார்கள். தாமதமாகப் பதிவு செய்தால் அபராதம் என்ற விதி இருந்த இடங்களில் பிறந்த தேதியையே சில நாள் பிந்தியதாக எழுதியவர்கள் உண்டு. தேதி தெரியாமல் எல்லை தாண்டி வந்த அகதிகளுக்குப் பல நாடுகளில் ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள், அண்ணன் தம்பி எல்லாருக்கும் ஒரே பிறந்தநாள். ஒரு மரத்தில் ஜனவரி 1 வரிசையாக வந்தால் அங்கே தேதி இல்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

தேதி போகட்டும், வயதாவது சரியாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. தன் வயது சரியாகத் தெரியாதவர்கள் 40, 45, 50 என்று முழுசாகச் சொல்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என்று முடியும் வயதைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது அதன் வேலை. அப்படிச் சாய்வே இல்லாவிட்டால் 100 வரும், எல்லாருமே அப்படிச் சொன்னால் 500 வரும். இங்கிலாந்தில் 1841 கணக்கெடுப்பின்போது இதை விதியாகவே வைத்திருந்தார்கள், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லிக் கணக்கெடுப்பவர்களுக்கு உத்தரவு. 34 வயதுக்காரர் அந்தத் தாளில் 30. அந்த ஒரு ஆவணத்தை மட்டும் வைத்துத் தேடுகிறவர் நான்கு வருஷம் தள்ளிப்போய்த் தேடிக்கொண்டிருப்பார்.

பெரிய மனிதர்கள் விஷயத்திலும் இதே கதைதான். ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளை ஏப்ரல் 23 என்று உலகமே கொண்டாடுகிறது, ஆனால் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்தது என்ற வரி மட்டும்தான். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய ஜூலியன் முறைப்படி 1731 பிப்ரவரி 11. அப்போது இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் மார்ச் 25 அன்றுதான் புது வருஷம் பிறக்கும். 1752-ல் காலண்டரை மாற்றினார்கள், செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது, வாஷிங்டனின் பிறந்தநாள் 1732 பிப்ரவரி 22 ஆனது. ரஷ்யாவில் 1918-ல்தான் மாற்றினார்கள், ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. இந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த ஒருவரின் தேதியை எடுக்கும்போது எந்தக் காலண்டர்படி எழுதியது என்று கேட்காமல் விட்டால் பத்துப் பதிமூன்று நாள் பிசகிவிடும், சில சமயம் வருஷமே மாறிவிடும்.

ஆனால் இத்தனை குழப்பத்திலும் அசையாத ஒன்று உண்டு. கிழமை. 1752 செப்டம்பர் 2 புதன்கிழமை, மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. தேதிகள் காணாமல் போனாலும் வாரம் அறுபடவில்லை. அதனால் ஒரு பிறப்புக்குத் தேதியும் கிழமையும் சேர்ந்து கிடைத்தால் அது பெரிய பாக்கியம், ஒன்றை வைத்து மற்றதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். அதோடு, தேதியை மறந்தவர்கள்கூடக் கிழமையை மறப்பதில்லை. "வெள்ளிக்கிழமை, விடியுறதுக்கு முன்னாடி, நல்ல மழை" என்று அம்மாக்கள் சொல்வதில் பெரும்பாலும் கிழமையும் வானமும் சரியாகவே இருக்கும்.

என் பாட்டியும் அப்படித்தான். பென்ஷன் புத்தகம் முதல் மருத்துவமனைச் சீட்டு வரை எல்லா இடத்திலும் அவர் பிறந்த தேதி 14-8-1929. ஆனால் கேட்டால் "நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவ" என்பார். அவருடைய அம்மா சொன்னதாம். 1929 ஆகஸ்ட் 14 புதன்கிழமை. வயதானவர், ஒருநாள் முன்னே பின்னே குழம்பியிருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள், அவரும் அதற்காக யாரிடமும் வாதாடியதில்லை.

கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள்

பாட்டி இறந்து சில வருஷம் கழித்து, அவருடைய தம்பி மகன் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்றை ஒழித்தபோது கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. நீளவாக்கில், சணல் கயிறு போட்டுக் கட்டியது. முன்பக்கம் முழுக்க வரவும் செலவும். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் பிள்ளைகள் பிறந்த விவரம், ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. தேதி, கிழமை, நேரம், பெயர், அவ்வளவுதான். மை பழுப்பாகி, சில எழுத்துகள் தாளுக்குள்ளேயே இறங்கிப்போயிருந்தன. எனக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாட்டியின் பெயரைத் தேடினேன். முதலில் கிடைத்தது நான் எதிர்பார்த்த வரிதான்: 14-8-29, புதன், காலை 6 மணி, பாட்டியின் பெயர். ஆக, புதன்தான், காகிதம் சரி, பாட்டிதான் குழம்பியிருக்கிறார் என்று தோன்றியது. அப்புறம் அதற்கு அடுத்த வரியைப் பார்த்தேன். 3-11-31, செவ்வாய், மாலை 4 மணி. மறுபடியும் அதே பெயர்.

காலண்டரைப் பார்த்தேன். 1931 நவம்பர் 3 செவ்வாய்க்கிழமைதான்.

முதல் வரிக்குத் திரும்பிப் போனபோதுதான் அதன் ஓரத்தில், சின்ன எழுத்தில், இன்னொரு தேதி இருப்பது தெரிந்தது. 2-3-30. பக்கத்தில் எந்த வார்த்தையும் இல்லை. மற்ற எந்தப் பிள்ளையின் வரியிலும் இப்படி இரண்டாவது தேதி இல்லை. ஆறரை மாதம் இருந்து இறந்த ஒரு பெண் குழந்தை, அதற்கடுத்த வருஷம் பிறந்த பெண்ணுக்கு அதே பெயர். பள்ளியில் சேர்க்கும்போது யாரோ இந்தப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெயர் வந்த முதல் வரியைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கலாம். வயதைக் கூட்ட வேண்டுமென்றே மூத்தவளின் தேதியைக் கொடுத்தும் இருக்கலாம். எதுவென்று சொல்ல இப்போது யாரும் இல்லை. பாட்டிக்குத் தனக்கு முன்னால் தன் பெயரிலேயே ஒருத்தி இருந்தாள் என்று தெரியுமா என்பதும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரிடமும் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாரும் குழம்பிவிட்டார் என்று நினைத்த பாட்டி மட்டும்தான் கடைசிவரை தன் கிழமையைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது எத்தனையோ நாடுகளில் சாதாரணமாக நடந்த விஷயம், அதனால் மரம் எழுதுகிறவர்கள் ஒரே பெயர் ஒரே பெற்றோருக்கு இரண்டு முறை வந்தால் உஷாராகிவிடுவார்கள். இசைமேதை பீத்தோவனுக்கு இதே சிக்கல் வாழும்போதே வந்தது. அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது 1770 டிசம்பர் 17. அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரலில் பிறந்த லுட்விக் மரியா என்ற அண்ணன் ஆறே நாளில் இறந்துபோயிருந்தார். தன் வயதைக் குறைவாகவே நினைத்துக்கொண்டிருந்த பீத்தோவன், 1810-ல் தன் நண்பர் வெகெலருக்குக் கடிதம் எழுதி ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி அனுப்பச் சொன்னார், தனக்கு முன்னால் இதே பெயரில் ஒரு அண்ணன் இருந்தான், அவனுடையதை எடுத்துவிட வேண்டாம் என்று எச்சரிக்கையும் செய்தார். சரியான சான்றிதழே வந்தபோதும் அது தன்னுடையது என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஓவியர் வான்கோ 1853 மார்ச் 30 அன்று பிறந்தார். சரியாக ஒரு வருஷம் முன்பு, 1852 மார்ச் 30 அன்று, அவருடைய அம்மாவுக்கு இறந்தே பிறந்த குழந்தைக்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். நெதர்லாந்தின் ஜுண்டர்ட் ஊர்த் தேவாலயத்தில் அப்பா போதகர், அந்தத் தேவாலயத் தோட்டத்தில் தன் பெயர் பொறித்த கல்லறையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிறுவன் வளர்ந்தான். இதெல்லாம் முன்பே படித்த சங்கதிகள்தான். ஆனால் கணக்கு நோட்டின் அந்த ஓரத்தில் 2-3-30 என்று பார்த்தபோது நான் வெகுநேரம் வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு விஷயமும் என்னைத் தொந்தரவு செய்தது, இப்போதும் செய்கிறது. அத்தனை பிள்ளைகளின் பிறப்பும் மணிக்கணக்கோடு எழுதப்பட்ட அந்தத் தாளில், அவர்களைப் பெற்றவளின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. எழுதியவர் கொள்ளுத்தாத்தா, அவருக்கு அது தேவைப்படவில்லை. கொள்ளுப்பாட்டி எப்போது பிறந்தார் என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆனால் அந்த வரிகள் ஒவ்வொன்றும் அவருடைய வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு நாள். காலை 6 மணிக்கு ஒரு பெண்ணைப் பெற்றார், ஆறரை மாதத்தில் பறிகொடுத்தார், அடுத்த வருஷம் மாலை 4 மணிக்கு இன்னொரு பெண்ணைப் பெற்று அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறந்த தேதி என்பது குழந்தைக்கு மட்டும் சொந்தமானதல்ல, அன்றைக்குப் பெற்றவளும் அங்கே இருந்தாள் என்பதற்கு அது சாட்சி. பல பெண்களுக்குக் காகிதத்தில் இருக்கும் ஒரே சாட்சி அவர்களுடைய பிள்ளைகளின் பிறந்த தேதிதான்.

பெரியம்மா போட்ட கணக்கு

இதைப் பெரியம்மாவிடம் சொல்லப் போனபோது நான் எதிர்பார்த்தது அந்தக் குழந்தையைப் பற்றித்தான் அவர் பேசுவார் என்று. அவர் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது வரியின் மேல் விரலை வைத்து ஓட்டினார். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பெரியம்மா பிறந்தது 1947 ஜனவரி. "அப்போ நான் பிறந்தப்ப அம்மாவுக்குப் பதினஞ்சு வயசுதானா?" என்றார். காகிதத்தின்படி பதினேழு. 1945-ல் கல்யாணம், அப்போது பதினாறு நெருங்கிவிட்டது என்றுதான் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள், இந்த வரியின்படி பதிமூன்று முடிந்திருந்தது. "என்கூடக் கயிறு தாண்டுவாங்க தெரியுமா? நான் ஒண்ணாவது படிக்கிறப்போ. மத்த அம்மாவெல்லாம் அப்படி ஆட மாட்டாங்க. எனக்காகத்தான் ஆடுறாங்கன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவங்களுக்கே ஆசையா இருந்திருக்கும்" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இறந்த தேதியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. பாட்டி எந்த வருஷம் போனார் என்று தெரிந்தால் நமக்கு அவர் இல்லாத வருஷங்களை எண்ணலாம், அது நம்முடைய கணக்கு. எப்போது பிறந்தார் என்று தெரிந்தால்தான் அவருக்கு ஒன்பது வயது எப்போது, பதினைந்து எப்போது, வீட்டில் ஒரு பெரிய சம்பவம் நடந்தபோது அவர் சிறுமியா, அம்மாவா என்று கேட்க முடியும். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த ஒரு தாத்தா தன் அப்பாவை இழந்தபோது பதினோரு வயதுப் பையன் என்று தெரிந்தால், அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் எல்லாமே வேறு மாதிரி கேட்கும். எங்கள் மரத்தில் இப்படி இரண்டு மூன்று பேரைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் அவர்கள் பிறந்த வருஷம் தெரிந்தபின் மாறியிருக்கிறது.

சரி, தேதியே கிடைக்காதவர்களை என்ன செய்வது? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, தெரியாததைத் தெரிந்தது மாதிரி எழுதக் கூடாது. குடும்ப மர மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் 1984-ல் வந்தது, அதில் தேதிக்கு முன்னால் 'சுமாராக', 'கணக்கிட்டது', 'மதிப்பிட்டது', 'இதற்கு முன்', 'இதற்குப் பின்', 'இவற்றுக்கு இடையே' என்று குறிக்க வசதி உண்டு. அந்த வசதியை முழுக்கப் பயன்படுத்த வேண்டும். பெரிய வெள்ளம் வந்த வருஷம் கைக்குழந்தை, அண்ணன் பள்ளிக்குப் போனபோது இவள் தவழ்ந்தாள் என்று பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது. வயது தெரியாத மக்களிடம் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள்கூட அந்தப் பகுதியில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு, அதற்கு முன்னால் பிறந்ததா பின்னால் பிறந்ததா என்று கேட்டுத்தான் வயதைக் குறிக்கிறார்கள். கொள்ளுப்பாட்டிக்கு நான் 'சுமாராக 1910' என்று எழுதியிருக்கிறேன், மூத்த பிள்ளையின் வயதை வைத்துப் போட்ட மதிப்பீடு என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. அவருக்கென்று ஒரு நாள் கிடைக்கும்வரை நவம்பர் 3 அவருக்கும் சேர்த்துத்தான்.

எட்டுத் தலைமுறை மேலே போனால் நேரடி முன்னோர்கள் மட்டும் 510 பேர் வருவார்கள், உறவுக்குள்ளேயே திருமணங்கள் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து எண்ணிக்கை குறையும். ஒரு வருஷத்தில் இருப்பதோ 365 நாள். அநேகமாக எந்த நாளை எடுத்தாலும் அது நம்மைச் சேர்ந்த யாரோ ஒருவர் பிறந்த நாளாக இருக்கும், நமக்குத் தெரிந்தது அதில் கைவிரல்களில் அடங்கிவிடும். இது பழைய காலத்துச் சங்கதி மட்டுமல்ல. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 15 கோடிப் பேரின் பிறப்பு எங்குமே பதிவாகவில்லை என்று 2024-ல் யுனிசெஃப் சொன்னது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் தேட உட்காருவார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதியை எல்லாரும் பார்க்கும் இணைய மரங்களில் போடாதீர்கள், வங்கியும் அலுவலகங்களும் ஆளை அடையாளம் காண அதைத்தான் கேட்கிறார்கள். நோட்டில் எழுதி வையுங்கள், வீட்டுக்குள் இருக்கட்டும். குழந்தையிலேயே இறந்தவர்களையும் தனி ஆளாக, தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஆறரை மாதம் என்றாலும் அவளுக்குப் பெயர் இருந்தது, அவளை ஒருத்தி தூக்கி வைத்திருந்தாள். எங்கள் குழுவில் ஆகஸ்ட் 14 இப்போது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான், பாட்டி நவம்பருக்குப் போய்விட்டார்.

பெரியம்மா இப்போதெல்லாம் தானாகவே போன் செய்கிறார். தான் கூட இருந்து பார்த்த பிறப்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார், என் அம்மா பிறந்த ராத்திரி யார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது முதற்கொண்டு. சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொன்றுக்கும் கிழமையைச் சோதித்து வைக்கிறேன். சின்ன மாமாவுக்கு மட்டும் இடிக்கிறது, பெரியம்மா ஞாயிறு என்கிறார், சான்றிதழிலுள்ள தேதி வியாழன். மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை.